அஞ்சலை அக்கா படித்த சட்டப் புத்தகம்

“சந்தேகப்படறதுக்கா நமக்குச் சம்பளம், மிஸ் வசந்தா?”

என் மேலதிகாரி சேவியர் சார் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. அவர் எதையுமே கோபமாகக் கேட்டதில்லை. ஓரத்தில் துளைகள் உள்ள நீளமான கணினித் தாளைப் பிரிண்டரிலிருந்து கிழித்து, மடிப்பு மடிப்பாக மடித்துக்கொண்டே கேட்டார். அதற்கு எனக்குப் பதில் கிடைத்தபோது நான் வேலையை விட்டிருந்தேன்.

போன மாதம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நூலகக் கவுண்டரில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். “பென்ஷன் வேலைய ஒரு கம்ப்யூட்டருக்குப் பயந்துகிட்டா விட்டீங்கக்கா?” என்றாள். அதை மீன்கடையில் நின்று விளக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியில் பஸ் ஏறினால் பெண்டாங் போய்ச் சேர்வதற்குள் வரும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

சந்தேகம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. அப்பாவும் அம்மாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். கொட்டகையில் பால் வாளியை நிறுக்கும்போது அப்பா தராசைப் பார்க்க மாட்டார். எடையை எழுதுகிற கிராணியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “நான் பாக்குறேன்னு அவனுக்குத் தெரியும்ல, அது போதும்” என்றார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் தேறி, எழுபதுகளின் நடுவில் நகராட்சி நூலகத்தில் குமாஸ்தாவானேன். “புத்தகத்துக்குக் காவலா?” என்று அம்மா கேட்டபோது ஆமாம் என்று பெருமையாகவே சொன்னேன். அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அலோர்ஸ்டாரில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுவது, அட்டை தட்டச்சு செய்வது, வகை பிரிப்பது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலையைக் கற்றது எங்கள் கவுண்டரில்தான்.

சேவியர் சார் ஊரின் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மெல்லிய குரலில் பேசுவார். கதவைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை தேதி முத்திரையைத் திருத்துவது. புத்தகம் திரும்பி வரவேண்டிய தேதியை வைத்து, மை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, தன் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு முறை குத்திக்கொள்வார். இதற்காக ஒரு தாளை வீணாக்குவானேன் என்பது அவர் கணக்கு. அந்த ஊதாத் தேதி நாள் முழுவதும் அவர் கையில் இருக்கும். யாராவது “எப்ப திருப்பிக் கொடுக்கணும் சார்?” என்றால் சட்டைக் கையைத் தள்ளிக் காட்டுவார்.

அவர் உத்தரவு போட மாட்டார். “நாம அந்தக் கடைசி அலமாரியத் தொடச்சிடுவோமா?” என்றால் நான் துடைக்க வேண்டும் என்று பொருள். “நாம இன்னிக்குக் கொஞ்சம் பிந்திட்டோம்” என்றால் நான் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் புத்தகம் இரவல் கொடுத்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். அதற்குள் அந்தப் புத்தகத்தின் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். ஒவ்வொரு வாசகரிடமும் டிக்கெட் என்று நாங்கள் சொல்லும் சின்ன அட்டைப் பை இருக்கும். அதில் வாசகரின் பெயர். புத்தகம் எடுக்கும்போது புத்தகத்தின் சீட்டை உருவி, வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகி, இரண்டையும் சேர்த்து மரத்தட்டில், திரும்பி வரவேண்டிய தேதிக்குப் பின்னால் நிறுத்துவோம். புத்தகத்தில் தேதியை மட்டும் குத்துவோம். அது திரும்பி வந்ததும் தட்டிலிருந்து அந்த ஜோடியை எடுத்துப் பிரிப்போம். சீட்டு புத்தகத்துக்குள் போகும். டிக்கெட் வாசகர் கைக்குப் போகும். அவ்வளவுதான். பிரித்த பிறகு யார் எதைப் படித்தார் என்பதற்கு உலகத்தில் எந்தத் தடயமும் இல்லை.

“புக்கு வந்தாச்சு, டிக்கெட் போயாச்சு. இனிமே யார் படிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது, மிஸ் வசந்தா. தெரிஞ்சிருந்தாலும் தெரியாது” என்பார் சேவியர் சார்.

ஒருநாள் பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் பெண்ணின் தகப்பனார் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மகள் கெட்ட கதைகளைப் படிக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “எம் பொண்ணு இங்க என்னென்ன எடுத்தான்னு எனக்குத் தெரியணும்” என்றார். சேவியர் சார் மரத்தட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். “தேடிப் பாருங்க. அவ இப்ப வச்சிருக்கற புக்கு மட்டும்தான் இதுல இருக்கும். அத நீங்க வீட்டுக்குப் போய் அவ மேசையிலயே பாத்துக்கலாம்.” அந்த மனிதர் தட்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், போய்விட்டார். அன்று என் மேலதிகாரி மீது எனக்கு இருந்த மதிப்பை அளவிட முடியாது.

கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளிக்கிழமை. தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை. அதனால் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வரும் ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். சேவியர் சார் காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அஞ்சலை அக்கா பாசார் கூடையோடு கவுண்டருக்கு வந்தார். கோணப்பாலம் தோட்டம் என்று ஆட்கள் சொல்லும் தோட்டத்தில் மரம் சீவுகிறவர். வெற்றிலை போட்ட வாய், உரத்த குரல்.

“தங்கச்சி, மெம்பர் ஆகணும். என்ன செய்யணும்?”

“இதுல கையெழுத்துப் போடணும்க்கா.”

“பெருவெரல் ஒத்துக்குவியா?”

நான் சேவியர் சாரிடம் போய், படிக்கத் தெரியாதவர் உறுப்பினராகலாமா என்று கேட்டேன். படித்த திமிர் அந்தக் கேள்வியில் இருந்திருக்கும். அவர் யோசிக்கவே இல்லை. “படிக்கத் தெரியணும்னு விதியில இல்ல. புக்கு திரும்பி வரணும்னுதான் இருக்கு” என்றார்.

விஷயம் இதுதான். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்தில் பாதிப் பேரிடம் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். ஆனால் பதிவு இல்லாததால் குடிமக்கள் இல்லை. எங்கள் நூலகத்தில் உறுப்பினராகக் குடிமக்களுக்குரிய நீல அட்டை வேண்டும். அஞ்சலை அக்காவிடம் நீல அட்டை இருந்தது, ஞாயிறுதோறும் பாசாருக்கு வரும் வழக்கமும் இருந்தது. லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் அவர் பெயரில் படித்தார்கள். அவர் மீன், தேங்காய், வெற்றிலையோடு புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போவார்.

“ஒண்ணு கத, ஒண்ணு சாமி, ஒண்ணு சட்டம். சட்டம் போன தடவ குடுத்ததே குடு, இன்னும் முடியல” என்பார்.

சட்டம் என்றால் தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு தடித்த புத்தகம். அதை அவர் எத்தனையோ முறை எடுத்தார். அவர் கொண்டுவரும் புத்தகங்கள் எல்லாமே செய்தித்தாள் உறை போட்டு, ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டின் வாசத்தோடு திரும்பி வரும். உதறினால் ஏதாவது விழும். ஒரு பக்கத்தில் தீக்குச்சி, இன்னொன்றில் பஸ் டிக்கெட், ஒரு கொண்டை ஊசி, ஒரு கோழி இறகு. ஒரே ஆள் இத்தனை விதமான அடையாளங்கள் வைக்க மாட்டார். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. யார் யார் என்று நான் கேட்டதில்லை. திரும்பிய புத்தகத்தை உதறி இவற்றையெல்லாம் குப்பையில் போடுவது என் வேலை. போட்டேன்.

எண்பதுகளின் நடுவில் கணினி வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அது நன்றாக வேலை செய்தது. கோத்தா கோலா மூடாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் வருடக்கணக்கில் தேடிய புத்தகம் அலோர்ஸ்டாரில் சும்மா கிடப்பதை அது ஒரு நிமிடத்தில் சொன்னது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தமிழ்ப் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை, இடத்தை அடைக்கிறது என்று வருடாவருடம் நகராட்சியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். கணினி கணக்கெடுத்தது. எங்கள் நூலகத்திலேயே அதிகம் வெளியே போவது தமிழ் அலமாரிதான் என்று தெரிந்தது. புதிய புத்தகங்களுக்குப் பணம் வந்தது. சேவியர் சார் அந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. தேதியை இப்போது பிரிண்டரே துண்டுச் சீட்டில் அடித்துக் கொடுத்தது. அவர் மணிக்கட்டு சுத்தமாக இருந்தது.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. கணினியைப் பொருத்தியவனும், அவ்வப்போது அதைச் சரிபார்க்கப் பினாங்கிலிருந்து வருபவனுமான இளைஞன் லிம்மிடம் கேட்டேன். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம்.

“புத்தகம் திரும்பி வந்ததும் பேர் எங்க போகும்?”

“எங்கயும் போகாது, காக்கா. பத்திரமா இருக்கும்.” மலாயில் அக்காவைக் காக்கா என்பார்கள். அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

“எவ்வளவு நாளைக்கு?”

“எவ்வளவு நாளைக்கு வேணும்?” என்று சிரித்தான். என் உறுப்பினர் எண்ணைத் தட்டச் சொன்னான். தட்டினேன். கணினி வந்த நாளிலிருந்து நான் எடுத்த புத்தகங்கள் பச்சை எழுத்தில் மேலிருந்து கீழே வந்து நின்றன. அம்மா இருமிக்கொண்டிருந்தபோது எடுத்த காச நோய்ப் புத்தகம். விவாகரத்து பற்றிய ஒன்று. அது என் சிநேகிதிக்காக எடுத்தது, ஆனால் அப்படித் திரையில் எழுதியிருக்கவில்லை. வெளிநாட்டில் படிக்க உதவிப்பணம் வாங்குவது எப்படி என்பதற்கு இரண்டு. யாருக்கும் சொல்லாத ஆசை அது. யாரோ என் அலமாரியைத் திறந்து, உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் அழகாக மடித்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

“இத மறக்கச் சொல்ல முடியுமா?”

“பொலே, முடியும். புத்தகம் திரும்பினதும் பேர அழின்னு ஒரு வரி எழுதினா போதும். உங்க போஸ் சொன்னா நாளைக்கே எழுதறேன்.”

அதனால் நான் இயந்திரத்தைச் சந்தேகப்படவில்லை. மறக்கச் சொன்னால் மறக்க அது தயாராக இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் போனேன்.

சேவியர் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தகவல அழிக்கறதுக்கா லைப்ரரி, மிஸ் வசந்தா? சேத்து வைக்கறதுக்குத்தானே இருக்கோம். தமிழ் அலமாரிக்குப் பணம் எதனால வந்துச்சு?” என்றார்.

“எண்ணிக்கையால வந்துச்சு சார். பேரால வரல.”

“நாம யோசிப்போம்” என்றார். நாம யோசிப்போம் என்றால் நான் இனி கேட்கக் கூடாது.

அடுத்த சில மாதங்களில் கோணப்பாலம் தோட்டத்தை விற்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. லயத்து ஆட்களை ஒன்றும் கொடுக்காமல் வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்றும், யாரோ ஒருவர் சட்ட எண்களோடு தொழிலாளர் இலாகாவுக்கு எழுதத் தயாராகிறார் என்றும் பாசாரில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரத்தில்தான் அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி எங்கள் நூலகத்துக்கு வந்தார். தோட்ட அலுவலகத்தின் தலைமை எழுத்தர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொட்டலம் கரிபாப் பலகாரம்.

“என்னம்மா, கம்ப்யூட்டர் பெட்டி நல்லா வேலை செய்யுதா? நம்ம ஜனங்கள்லாம் படிக்கிறாங்களாமே, கேள்விப்பட்டேன்” என்றார் என்னிடம்.

அவர் சேவியர் சாரிடம் சொன்ன கதை அழகாக இருந்தது. மேனேஜர் நல்ல மனிதராம். தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டு மகிழ்ந்தாராம். தமிழ் அலமாரிக்கு ஏதாவது செய்ய விரும்புகிறாராம். யார் யார் என்னென்ன படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கு இருந்தால் மேலிடத்தில் காட்ட வசதி.

“ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம்” என்றார் சேவியர் சார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சூது எதுவும் இல்லை. வருடக்கணக்காக அவர் வேலையை யாரும் பொருட்படுத்தியதில்லை. இப்போது ஒருவர் வந்து கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். காட்ட அவரிடம் ஒன்று இருக்கிறது.

நான் அவரைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாகச் சொன்னேன். “சார், எத்தன புக்குன்னு மட்டும் குடுத்தா போதும். பேர் எதுக்கு? எந்தத் தோட்டம் இதுவரைக்கும் ஒரு புக்கு வாங்கிக் குடுத்திருக்கு?”

அப்போதுதான் அந்த வாக்கியம். சந்தேகப்படறதுக்கா நமக்குச் சம்பளம்?

கிராணி தாளை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கரிபாப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போனார். சேவியர் சார் அதைத் தொடவில்லை. நேர்மையான மனிதர், லஞ்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் அதைக் கழிவுக் கூடையில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அஞ்சலை அக்கா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு கூடை இல்லாமல் வந்தார். மூன்று புத்தகங்களையும் கவுண்டரில் வைத்து, கணினி வந்தபின் நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் உறுப்பினர் அட்டையை அவற்றின் மேல் வைத்தார்.

“இந்தா தங்கச்சி. இது இனிமே வேணாம்.”

“என்னக்கா ஆச்சு?”

“பேர் வெட்டிட்டாங்க. மாசக் கடைசியில வீட்டயும் காலி பண்ணணும்.”

பேர் வெட்டுவது என்றால் தோட்டத்தில் வேலையை விட்டு நீக்குவது. நான் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, யாருக்கோ நடந்த வேடிக்கையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. பெரிய கிராணி ஒரு நீளக் காயிதத்த விரிச்சாரு. ‘அஞ்சலை, நீ சட்டம் படிக்கிறியாமே’ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. மறுபடியும் பாத்தா அவரு சிரிக்கல. ‘தோட்டத்துலயே நீதான் அதிகமாப் படிச்சிருக்க, ஒரே புக்க திருப்பித் திருப்பி எடுத்திருக்க, லேபர் ஆபீசுக்கு எழுதறது நீதானா?’ன்னாரு.”

“படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?”

“சொன்னா அடுத்த கேள்வி என்ன? யாருக்காக எடுத்தேன்னு கேப்பாரு. அதான் நாந்தான் படிச்சேன்னேன்.”

“நம்புனாரா?”

“ஒரு காயிதத்த நீட்டி, படி பாப்போம்ன்னாரு. கண்ணாடி கொண்டாரலேன்னேன்.”

“உங்ககிட்ட கண்ணாடியே இல்லயேக்கா.”

“அதான் கொண்டாரல.” வெற்றிலை வாயோடு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நாந்தான் படிச்சேன்னு ஒரே பிடியா நின்னேன். சரி, அப்ப நீயே போன்னுட்டாங்க. அந்தப் புக்குக்குப் பின்னால எத்தன வீடு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் ஒருத்தி போறதுல ஒண்ணும் குடி முழுகிடாது.”

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். “யாருக்கா எழுதறது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடப் பழக்கத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பால் கொட்டகையில் என் அப்பா கிராணியின் கையைப் பார்க்கும் பார்வை அது.

“ஒனக்கும் சொல்ல மாட்டேன்லா. நீ மெஷின் வச்சிருக்கவ.”

அவர் போன பிறகு அந்தச் சட்டப் புத்தகத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். உதறினேன். ஒன்றும் விழவில்லை. எல்லா அடையாளங்களையும் அவர்களே எடுத்திருந்தார்கள்.

சேவியர் சார் உள்ளறையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“அந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நமக்குத் தெரியும் சார். உங்ககிட்டதானே கேட்டு மெம்பர் ஆக்கினேன்.”

“தெரியும்.” குரல் இன்னும் மெலிந்திருந்தது. “அது பிரிண்ட்ல இல்லியே, மிஸ் வசந்தா.”

“ஏன் சார் குடுத்தீங்க?”

“கேட்டாங்க. இருந்துச்சு. குடுத்தோம்.”

“முன்னால அந்தத் தகப்பன் வந்து கேட்டாரே. அப்பக் குடுக்கலியே.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அப்ப இல்ல.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். வாசகரின் ரகசியத்தைப் பத்து வருடம் காத்தது என் மேலதிகாரியின் மனம் என்று நான் நம்பியிருந்தேன். காத்தது மரத்தட்டு. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அவர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பிறகு என்னையும் சந்தேகித்தேன். என் விரல் நுனியில் எல்லோருடைய படிப்பும் இருக்கிறது. மேலதிகாரி கேட்டால் ஒரு நாள் மறுப்பேன், இரண்டு நாள் மறுப்பேன். வேலை போய்விடும் என்றால்? வீட்டில் அம்மா இருமுகிறார். என் மனவுறுதியை மட்டும் நம்பி ஒரு ஊர் புத்தகம் படிக்கலாமா? நான் என் அப்பாவின் மகள். அப்படிப்பட்ட ஏற்பாட்டை நான் நம்ப மாட்டேன்.

லிம் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுத்துமூலம் கேட்டேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பதில் வந்தது, தேதி மட்டும் மாறியிருந்தது. இதற்கிடையில் தோட்டத்து மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தமிழ் அலமாரிக்கு மேலே ஒரு மின்விசிறி வந்தது. அதன் தண்டில் தோட்டத்தின் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள். அது இன்னும் சுற்றுகிறது என்று கேள்வி. தொழிலாளர் இலாகாவுக்கும் ஒரு மனு போய்ச் சேர்ந்தது. அதை எழுதியது யார் என்று கடைசிவரை பெரிய கிராணிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

நான் ராஜினாமா கடிதம் கொடுத்த வாரத்தில், பின்கட்டில் கிடந்த பழைய சாமான்களைக் கழித்தார்கள். மரத்தட்டுகளும் அதில் இருந்தன. விறகு விலைக்கு வாங்கிக்கொண்டேன். வாசலில் லோரியில் ஏற்றும்போது சேவியர் சார் வந்து நின்றார். நல்ல வெயில். சுத்தமான மணிக்கட்டைக் கண்ணுக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டிருந்தார்.

“இத வச்சு நாம என்ன செய்யப் போறோம், மிஸ் வசந்தா?”

“நாம இல்ல சார். நான்.”

அவர் தலையசைத்தார். ஒரு தட்டின் மறுமுனையைப் பிடித்து ஏற்றவும் உதவினார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பாசாருக்குப் பின்னால், தையல்கடையின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். டியூஷன் சொல்லிக் கொடுத்து வாடகை கட்டுகிறேன். மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. தொழிலாளர் சட்டப் புத்தகம் இரண்டு பிரதி இருக்கிறது. நீல அட்டை, சிவப்பு அட்டை எதையும் கேட்பதில்லை. கணினியை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். வசதி வந்தால் என்னென்ன புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒன்று வாங்குவேன். வாசகரின் பெயரை மட்டும் அதற்குச் சொல்ல மாட்டேன். யார் வந்து கேட்டாலும், எவ்வளவு நயமாகக் கேட்டாலும், கொடுக்க இங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. நானே கேட்டாலும்தான்.

திறந்து சில வாரங்கள் வரை அஞ்சலை அக்கா மாடிப்படி ஏறவில்லை. இப்போது டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவுகிறார். லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்; பாசாரில்தான் சந்தித்துக்கொள்வார்களாம். ஒரு ஞாயிறு கீழே நின்று தையல்காரரிடம் ஏதோ விசாரித்துவிட்டு, மூச்சு வாங்க மேலே வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கடியில் குனிந்தும் பார்த்தார்.

“மெஷின் எங்க?”

“இல்லக்கா.”

மரத்தட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது அந்தப் பழசுதானே?”

“அதேதான்.”

“சரி. ஒண்ணு கத, ஒண்ணு சாமி, ஒண்ணு சட்டம்.”

மூன்று டிக்கெட்டுகளில் அவர் பெயரை எழுதினேன். மூன்று சீட்டுகளை உருவிச் செருகி, தட்டில் நிறுத்தினேன். அன்று காலை முத்திரையைத் திருத்தியதும் என்னையறியாமல் என் மணிக்கட்டில் ஒருமுறை குத்திப் பார்த்திருந்தேன் என்பதை அவர் அதைப் பார்த்துச் சிரித்தபோதுதான் கவனித்தேன்.

போன ஞாயிறு அந்தப் புத்தகங்கள் திரும்பி வந்தன, செய்தித்தாள் உறையோடு. டிக்கெட்டுகளை அவர் கையில் கொடுத்தேன். சட்டப் புத்தகத்தை எடுத்து உதறினேன். நடுப்பக்கத்திலிருந்து ஒரு கோழி இறகு விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக் குப்பையில் போட்டேன்.